எட்டுக் கட்டத்தில் ஒரு கோழி

ஓய்வு பெற்றவனுக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால், அங்கே ஏதோ ஒன்றைக் காணவில்லை என்று பொருள். சாவி, கோப்பு, கடவுச்சொல், இப்படி ஏதாவது. போன மாதம் ரேவதியிடமிருந்து வந்த அழைப்பு வேறு வகை. அங்கே ஒன்று கூடுதலாக இருந்தது.

"சார், நம்ம ஃபான்ட்டுக்குள்ள ஒரு கோழி இருக்குதுங்க."

"தெரியுமுங்க."

"பக்கத்துல ஒரு முட்டையும் இருக்குதுங்க."

"அதுவுந்தான் தெரியும்."

"அழிச்சுரலாமுங்களா?"

ரேவதி இப்போது என் நாற்காலியில் இருப்பவர். என்னைவிட வேகமாக வேலை செய்கிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் எனக்கு ஆறுதலாக அதை மறுக்கவில்லை. அன்று அவர் ஒரு நிரலை ஓட்டியிருக்கிறார். எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும், நிரலாளர்களுக்கு வேண்டிய சிறப்புக் குறிகளையெல்லாம் அதற்குள் கொண்டுபோய் வைத்துவிடும் நிரல் அது. ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். எங்கள் எழுத்துருவில் மட்டும் அது நின்று, "இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறது. போய்ப் பார்த்தால் கோழி.

"அழிக்காதீங்க, நான் எழுதித் தாரேன்" என்றேன். "எழுதுங்க சார், நம்ம ஆண்டு மலர்ல ரெண்டு பக்கம் காலியாத்தான் கெடக்குது" என்றார். என் அனுபவத்துக்கு ஏற்பட்ட தேவை அந்த அளவுதான் என்பதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதி. நெசவுத் தொழில்நுட்பத்தில் பட்டயம் படித்தேன். சிறுமுகைப் பக்கம் ஒரு நெசவுக்கூடத்தில் நான்கு வருடம், கட்டம் போட்ட தாளில் சேலைக் கரைக்கு மயிலும் அன்னமும் போட்டேன். ஒரு கட்டம் ஒரு நூல். எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதைக் காலியாக விடுவது என்பதுதான் மொத்த வேலையும். பிறகு கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடையில் கணினி. அங்கிருந்து கோவையில் எழுத்துரு செய்யும் ஒரு சிறிய நிறுவனம். அங்கே உட்கார்ந்தவன் முப்பது வருடம் எழுந்திருக்கவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று உறவினர்கள் கேட்டால் "எழுத்துப் போடறனுங்க" என்பேன். "கதைங்களா?" என்பார்கள். "இல்லீங்க, க." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நிறுவனத்தை நடத்தியவர் நாகமணி மேடம். பஞ்சாலைக் குடும்பத்துப் பெண்மணி. வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமான கொங்குத் தமிழ். முப்பது வருடத்தில் ஒருநாளும் அவர் குரல் உயர்த்திக் கேட்டதில்லை. அதுதான் ஆபத்து. "நல்லா இருக்குதுங்க" என்றால் முதலிலிருந்து போட வேண்டும். "பரவாயில்லீங்க" என்றால் எங்கோ ஒரு வளைவு மட்டும் தேறியிருக்கிறது. "இது யாரு போட்டதுங்க?" என்று கேட்டால் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. ஒன்றும் சொல்லாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் வேலை தேறிவிட்டது. நான் சேர்ந்த முதல் வருடம், அவர் "நல்லா இருக்குதுங்க" என்று சொன்ன நாளிலெல்லாம் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். யாரும் சொல்லித் தரவில்லை.

அவரிடம் மாற்ற முடியாத நடைமுறை ஒன்று இருந்தது. எந்த எழுத்தானாலும் உள்ளங்கை அகலத்துக்குக் காகிதத்தில் அச்செடுத்து, சுவரில் குத்தி, ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். சுவரில் நிற்காத எழுத்து எங்கேயும் நிற்காது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

இந்தக் கோழி இருக்கும் எழுத்துருவை ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகச் செய்தோம். நிரல் எழுதுகிறவர்களுக்கானது, அதனால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். 'i' ஒல்லி, 'm' தடி என்ற பேச்சே கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவு அறை. செய்து முடித்ததும் அந்த வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார். மேடம் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் நாங்களே அதை மறந்துபோனோம்.

அப்போதுதான் செல்வராஜ் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் ஒரு அட்டை நிறைய முட்டை.

"ஏனுங்க, இந்த ஃபான்ட்டு போட்டது நீங்கதானுங்களா?"

இந்தக் கேள்வியோடு யாரும் எங்கள் படியேறி வந்ததில்லை. நான் சற்று யோசித்து, "என்ன ஆச்சுங்க?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலீங்க. ரொம்ப நல்ல ஃபான்ட்டுங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதையத்தான் போட்டிருக்கோம். இதைய வெச்சுக்குங்க, பல்லடத்துல பண்ணைக்காரரு குடுத்துவிட்டது" என்று முட்டையை மேசைமேல் வைத்தார். மேடம் உட்காரச் சொன்னார். மோர் வந்தது. மோர் தீர்ந்த பிறகுதான் விஷயம் வந்தது. எங்கள் பக்கம் விஷயத்தை முதலில் சொல்வது மரியாதை இல்லை.

அவருடைய நிறுவனம் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்வது. கொட்டகையின் வெப்பம் ஏறினால் விசிறி ஓடும், இறங்கினால் நிற்கும். எல்லாம் அவர்கள் கணினியிலிருந்து. கணினிகள் இரண்டு. ஒன்று லைவ்: அதில் அடிக்கிற ஒவ்வொரு கட்டளையும் நிஜப் பண்ணைக்குப் போகும். இன்னொன்று டெஸ்ட்: அதில் இருப்பது இல்லாத பண்ணை, இல்லாத கோழி. செல்வராஜ் நாள் முழுக்க இரண்டிலும் மாறி மாறி வேலை செய்கிறார். திரையின் அடியில் ஒரு நிலைவரி ஓடும். இப்போது எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பதை அதன் நிறம் சொல்லும். லைவ் என்றால் சிவப்புப் பட்டை. டெஸ்ட் என்றால் பச்சை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியும்" என்றார், மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "பொறப்புலயே அப்படித்தான். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுங்க."

சித்திரையில் ஒருநாள் டெஸ்ட் என்று நினைத்து லைவில் நிறுத்தக் கட்டளை அடித்துவிட்டார். பல்லடம் பக்கம் ஒரு கொட்டகையில் எல்லா விசிறியும் நின்றன. அந்த வெயிலில் அரை மணி நேரம் போதும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. நல்ல வேளை, அங்கே தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாள், விசிறிச் சத்தம் அடங்கியதைக் கவனித்துக் கையால் சுவிட்சைப் போட்டார். கோழிகள் பிழைத்தன. செல்வராஜுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: இன்னொரு முறை நடந்தால் லைவ் பக்கமே வரக் கூடாது.

"லைவ் இல்லீன்னா எனக்கு அங்க வேலையே இல்லீங்க."

நிலைவரியில் நிறத்தோடு குறிகளும் வருகிற மாதிரி வைக்கலாம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதற்கென்று ஏழு குறிகள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உண்டு: பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வரும் முக்கோண அம்புகள் நான்கு, கிளை ஒன்று, வரி எண் குறி ஒன்று, பூட்டு ஒன்று. ஆனால் எங்கள் எழுத்துருவில் அவை இல்லாததால் அந்த இடத்திலெல்லாம் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. பூட்டும், அதோடு கூடுதலாக ஒரு திறந்த பூட்டும் வந்துவிட்டால், பூட்டியிருந்தால் லைவ், திறந்திருந்தால் டெஸ்ட் என்று பிழைத்துக்கொள்வார்.

"வேற ஃபான்ட்டு மாத்துனா ஏன்னு கேப்பாங்களுங்க. அதான் நேர்ல வந்தனுங்க."

அவர் போன பிறகு மேடம் சொன்னார்: "நம்ம எழுத்துலதானுங்களே அந்தக் கட்டளைய அடிச்சிருக்காரு. நமக்கும் இதுல பங்கு இருக்குதுங்க, தண்டபாணி."

எழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவாக ஓர் எண் உண்டு. அந்த எண்களுக்கு நடுவே யாருக்கும் பட்டா கொடுக்காத புறம்போக்கு ஒன்றும் உண்டு. வேண்டியவர்கள் வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஏழு குறிகளும் அங்கேதான் கொட்டகை போட்டிருக்கின்றன. நானும் அங்கே போய் வேலையைத் தொடங்கினேன், முக்கோணத்திலிருந்து.

முக்கோணத்துக்கு மூன்று கோடு. சாயங்காலம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. எழுத்துப் போடுகிறவன் எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சுவிட இடம் விடுவான். கை தானாக விடும். ஆனால் இந்த முக்கோணம் அப்படிப்பட்ட மரியாதைக்கார எழுத்து இல்லை. மேலே, கீழே, இடப்பக்கம் மூன்றிலும் அறைச் சுவரை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முட்டாவிட்டால் பட்டைக்கும் அம்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியும். நான் முதலில் போட்டதைச் சுவரில் குத்திப் பார்த்தோம், அருமை. திரையில் போட்டோம், மயிரிழை. இடப்பக்கம் கொஞ்சம் பக்கத்து அறைக்குள் நுழைகிற மாதிரி இழுத்தேன், மயிரிழை போய்விட்டது. எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினால் தலைமேல் இடைவெளி. அதை மூடினால், வேறொரு மென்பொருளில் காலடியில். ஒன்பதிலிருந்து இருபத்துநான்கு வரை ஒவ்வொரு அளவிலும், கிடைத்த மென்பொருள் ஒவ்வொன்றிலும் சரிபார்த்தேன். கடைசியில் எங்கேயும் வெளிச்சம் தெரியாத அந்த முக்கோணத்தை மேடம் பார்த்தார். கண்ணாடி தலைக்குப் போனது. என் வாழ்நாளின் சிறந்த மூன்று கோடுகள் அவை.

பூட்டை ஒரு மத்தியானத்தில் முடித்தேன். மூடிய பூட்டு ஒன்று. அதன் வளையத்தை வலப்பக்கம் மட்டும் நாசூக்காகத் தூக்கிவிட்டுத் திறந்த பூட்டு இன்னொன்று. சுவரில் ஆறடி தள்ளி நின்று பார்த்தோம். கோயில் கதவில் மாட்டலாம் போல இருந்தன. அனுப்பிவிட்டோம்.

செல்வராஜ் தொலைபேசியில் அழைத்தார். "அருமைங்க. சூப்பருங்க. உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்." நான் அன்று மாலை அன்னபூரணி போலத் தாராள மனநிலையில், அலுவலகம் முழுக்கப் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து சரவணம்பட்டிப் பக்கம் ஒரு விசேஷம். அப்படியே அவர் அலுவலகத்துக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் முக்கோணத்தை வேலை செய்யும் இடத்தில் பார்க்க ஆசை. பார்த்தேன், மயிரிழை இல்லை. பூரித்து நிற்கும்போதுதான் செல்வராஜின் விரல்கள் என்ன செய்கின்றன என்பது கண்ணில் பட்டது.

ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் இன்னொரு கட்டளை அடித்தார். 'நீ யார்' என்று கணினியைக் கேட்கிற கட்டளை. கணினி தன் பெயரைச் சொன்னது. அதைத் திரையில் விரல் வைத்து, உதடு அசைய வாசித்தார். பிறகுதான் வேலை. அடுத்த கட்டளைக்கு மறுபடியும் 'நீ யார்'.

"ஏனுங்க, பூட்டு இருக்குதல்லங்க? அதையப் பாத்தாப் போதாதுங்களா?"

"பூட்டு ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"தெறந்த பூட்டு?"

"அதும் அதேயாட்டமே நல்லா இருக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். அவர் பதின்மூன்று அளவில் எழுத்தை வைத்திருந்தார். அந்த அளவில் ஓர் எழுத்தின் அறைக்கு எட்டுப் புள்ளிதான் அகலம். என் நாசூக்கான வளையத்தின் இடைவெளி அதில் அரைப் புள்ளிகூட இல்லை. இரண்டு பூட்டும் ஒரே கரிய கட்டி. நிறமெல்லாம் தெரிகிற எனக்கே எது எதுவென்று தெரியவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே தவித்தவருக்கு, இரண்டு ஒரே மாதிரிப் பூட்டைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

"ஒரு மாசமா ஏனுங்க சொல்லல?"

"மூணு வாரம் உக்காந்து செஞ்சிருக்கீங்க. எப்படிங்க சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் மறுபடியும் லைவ்ல அடிச்சுப்போட்டனுங்க. என்டர் தட்டறதுக்கு முந்தி ஏதோ சந்தேகம் வந்துது. அதுலருந்துதான் இப்படிக் கேட்டுக் கேட்டு அடிக்கறேன்."

அவருடைய "சூப்பருங்க"வுக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை வருடம் "நல்லா இருக்குதுங்க"வின் கீழ் வேலை பார்த்தவன், வாடிக்கையாளர் வாயிலிருந்து அதே சொல் வந்ததும் போண்டா வாங்கப் போய்விட்டேன்.

மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். சுவரில் குத்தியிருந்த இரண்டு பூட்டையும் அவரே கழற்றினார். "சுவத்துல பாக்கச் சொன்னது நானுங்க" என்றார். சற்று நேரம் கழித்து, "அவரு சேர்லயே உக்காந்து போடலாமுங்க. நானும் வாரேன்."

சனிக்கிழமை மத்தியானம், அவர்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்த நேரம், மூவரும் செல்வராஜின் மேசையில் உட்கார்ந்தோம்.

"லைவுன்னா உங்க மனசுல மொதல்ல என்னங்க வருது?" என்று மேடம் கேட்டார்.

"கோழிதானுங்க. அந்தக் கொட்டகைல நின்ன கோழிக."

"டெஸ்ட்டுன்னா?"

"அதுல என்னங்க இருக்குது? இன்னும் கோழியே ஆகலையே."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கட்டம் போட்ட தாள் கேட்டேன். யாருடைய மகளுடைய கணக்கு நோட்டோ கிடைத்தது. எட்டுக் கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம் என்று கோடு கிழித்தேன். சிறுமுகையில் ஒரு மயிலுக்கு நூற்றிருபது கட்டம் தருவார்கள். அதற்கே நான் முதலாளியிடம் அழுவேன். இங்கே எட்டு. ஒரு கட்டத்தை வீணாக்கினால் கோழிக்கு வால் இருக்காது.

முதல் கோழியைப் போட்டு எழுத்துருவில் ஏற்றி, திரையில் அவருடைய அளவிலேயே காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் செல்வராஜ்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "செல்வராஜ், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் மருவாதி வேண்டாமுங்க. இது என்னவாட்டம் தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. "ஸ்கூட்டருங்க."

இரண்டாவது.

"டீ கெட்டிலுங்க."

மூன்றாவது.

"இது... சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? எங்க மாமியாருங்க."

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பழகியதும் செல்வராஜுக்கு ருசி தட்டிவிட்டது. காலை எடுங்க, அது எழுத்தோட ஒட்டுது என்றார். கொண்டை தெரியலைங்க என்றார். கால் இரண்டையும் எடுத்தேன்; உட்கார்ந்த கோழி. கொண்டைக்கு மூன்று புள்ளி. அலகுக்கு ஒன்று. வாலை நிமிர்த்தி, வாலுக்கும் கொண்டைக்கும் நடுவே நன்றாகப் பள்ளம் விட்டேன். உள்ளே முழுக்க நிரப்பினேன். முட்டைக்கு வெறும் வளையம், உள்ளே காலி. ஒன்பதாவது முறை திரையில் ஏற்றியபோது, சோற்றுப் பாத்திரத்தோடு பின்னால் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மணி நின்றார்.

"அட, கோழி!"

யாரும் அவரிடம் கேட்கவில்லை. மேடத்தின் கண்ணாடி தலைக்குப் போனது.

அந்தச் சத்தத்தில் நிறுவனத்தின் தலைவர் பொன்னுசாமி அறையிலிருந்து வெளியே வந்தார். கிணத்துக்கடவுக்காரர். "என்னங்க, நம்ம ஆபீஸ்ல கோழி?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தாளைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயெடுக்கும் முன் செல்வராஜ் எழுந்து நின்றுவிட்டார். அரை மணி நேரமாக உண்மை சொன்ன வேகம், நிற்கவில்லை என்று நினைக்கிறேன்.

"எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தானுங்க தெரியும். அன்னைக்கு விசிறி நின்னது அதனாலதானுங்க. சொன்னா லைவ்ல இருந்து எடுத்துருவீங்கன்னு சொல்லலீங்க."

பொன்னுசாமி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரையில் இருந்த கோழியைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார்.

"எங்கப்பனுக்கும் இதேதானுங்க" என்றார். "தக்காளிக் காட்டுல செங்காய் எது, பழம் எதுன்னு அவருக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துத்தான் பறிப்பாரு. அதுக்காவ அவர காட்ட உட்டா தொரத்துனோம்?" நின்றுகொண்டிருந்த செல்வராஜை உட்காரச் சொன்னார். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அந்த எச்சரிக்கைய எழுதியிருக்க மாட்டனுங்க. நீங்க சொல்லியிருக்கோணும். நானும் ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்."

பிறகு எழுந்து, தொழில் முகத்துக்குத் திரும்பினார். "திங்கக்கெழம எல்லா மெஷின்லயும் இந்தக் கோழி உக்காரோணுமுங்க. செல்வராஜுக்கு மட்டும்னு வெச்சா நல்லா இருக்காது."

உட்கார்ந்தது. நிறம் தெரிந்தவர்களில் இரண்டு பேர், தாங்களும் ஒருமுறை மாற்றி அடிக்கப் பார்த்தவர்கள்தான் என்று கோழி வந்த பிறகு ஒத்துக்கொண்டார்களாம். செல்வராஜ் 'நீ யார்' கேட்பதை நிறுத்திவிட்டார். எங்கள் அலுவலகத்திலும் சுவரில் குத்துவது நின்றது. எழுத்தைப் பயன்படுத்துகிறவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்ப்பது என்று ஆயிற்று. என் இடுப்பு வலிக்கு அந்த நாற்காலிகள்தான் காரணம்.

ரேவதியின் அழைப்புக்குப் பிறகு செல்வராஜிடம் பேசினேன். இப்போது லைவ் முழுவதும் அவர் பொறுப்பில். பண்ணைகள் தாராபுரம் வரை போய்விட்டன. கோழியை அழிக்கலாமா என்று கேட்கிறார்கள் என்றேன். அவர் வழக்கம்போல, "உங்க சௌகரியமுங்க, எங்களுக்கு ஒண்ணும் செரமமில்லீங்க" என்றார்.

"செல்வராஜ்" என்றேன்.

"அழிக்காதீங்க" என்றார். "புதுசா வேலைக்கு வாரவங்களுக்கு மொத நாள் நான் சொல்லித் தார மொத வார்த்தையே கோழியப் பத்தித்தானுங்க."

ஆகவே ரேவதி, உங்கள் நிரலிடம் அந்த இரண்டு இடத்தையும் தாண்டிப் போகச் சொல்லுங்கள். என் மூன்று வார முக்கோணத்தை எடுத்துவிட்டு உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தேன், என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. அந்த இரண்டு பூட்டையும் தாராளமாகத் தூக்கிப் போடலாம். முட்டைக்கு இடப்பக்கம் கொஞ்சம் சப்பை, அன்று அவசரம். நேரம் இருந்தால் சரி செய்யுங்கள். செல்வராஜ் முதல் நாள் சொல்லித் தருகிற அந்த வார்த்தை இதுதான்: கோழி மேல கை வெக்காதீங்க.